ஊருக்குச் சோறு போட்ட குடியாத்தம் எம்.எல்.ஏ.

எந்த ஆபீசுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காலை 10 மணிக்கு வேலை தொடங்கும். 11 மணிக்குக் காப்பி வரும். 12 மணி ஆனதும் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

இன்று யார் வீட்டில் என்ன குழம்பு? எந்த ஓட்டலில் சாம்பார் நன்றாக இருக்கிறது? எந்தக் கடையில் வடை சிறுத்து, ஓட்டை பெருத்துவிட்டது? எல்லாம் அலசி ஆராயப்படும். ஹெட் கிளார்க்கும் பியூனும் சண்டை இல்லாமல் பேசிக்கொள்வது இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்!

குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். தோல் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சீரகச் சம்பா பிரியாணி பற்றி ஒரு தனிக் கணக்கு உண்டு. கத்தரிக்காய்ப் பச்சடி புளிப்பாக இருக்க வேண்டுமா, காரமாக இருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டால் போதும். அன்று பைல் நகராது.

மணி 12.30. அதற்கு மேல் பேனா ஓடாது. கூட்டலில் தப்பு வரும். அதிகாரிக்குக் கோபம் வரும். டிபன் கேரியரைத் திறந்து நாலு கவளம் உள்ளே போன பிறகுதான் உலகம் நேராகும்.

சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கே இந்தக் கதி. அப்படியானால், காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் பள்ளிக்கூடம் வந்த 6 வயதுப் பிள்ளையின் தலையில் எழுத்து எப்படி ஏறும்?

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, பதிலும் கண்டார். அவர் அதிகம் படித்தவர் அல்ல. 6-ம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால், அப்போது அவர்தான் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி. குடியாத்தம் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் அவரே!

ஆம். அவர்தான் காமராஜர்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

1903-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி விருதுபட்டியில் காமராஜர் பிறந்தார். இன்று விருதுநகர் என்று அழைக்கப்படும் ஊர் அது. தந்தை குமாரசாமி நாடார். தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் குழந்தைக்குக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். தாயோ ராஜா என்று செல்லமாகக் கூப்பிட்டார். காமாட்சியும் ராஜாவும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று.

சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாயும் பாட்டி பார்வதி அம்மாளும் அவரை வளர்த்தார்கள். தங்கை நாகம்மாள் ஒருத்தி. வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை.

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடத்தில் அவர் படித்தார். அந்தப் பள்ளிக்கூடம் நடந்த விதமே ஒரு அதிசயம். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்குப் போகும். அந்தப் பிடி அரிசியாலும், வியாபாரிகள் கொடுத்த மகமைப் பணத்தாலும் பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படித்தார்கள்.

ஒரு பிடி அரிசி குறைந்தால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடமே நடக்கும். இந்தக் கணக்கு சிறுவன் காமராஜின் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் அது எப்படிப் பயன்பட்டது என்பதை நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

பிரசாதம் கொஞ்சம்தான்!

பள்ளி நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையார் சதுர்த்தி. எல்லாப் பிள்ளைகளிடமும் காசு வசூல் செய்து பூஜை நடந்தது. பூஜை முடிந்ததும் பிரசாதம் கொடுத்தார்கள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு போய் வாங்கினார்கள். காமராஜ் மட்டும் முண்டவில்லை. கடைசியில் போய் நின்றார். அவர் கைக்கு வந்தது கொஞ்சம்தான்.

மற்றப் பிள்ளைகள் நிறைய வாங்கி வந்திருக்க, நீ மட்டும் ஏன் இவ்வளவு கொஞ்சம் கொண்டு வந்தாய் என்று வீட்டில் கேட்டார்கள். எல்லோரும் ஒரே காசுதானே கொடுத்தோம், வாத்தியார்தானே எல்லோருக்கும் ஒரே அளவாகப் பிரித்துத் தந்திருக்க வேண்டும், நான் ஏன் இடித்துக்கொண்டு போக வேண்டும் என்று அந்தச் சிறுவன் திருப்பிக் கேட்டானாம்.

வலுத்தவன் கை நிறைய வாங்கிப் போவது பந்தி ஆகாது. கடைசியில் நிற்கிறவனுக்கும் இலை போட வேண்டும். காமராஜரின் பிற்கால அரசியல் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

உப்பும் கள்ளும்

6-ம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் துணி அளக்கும் கை பத்திரிகையைத் தேடியது. 1919-ல் பஞ்சாபில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. அந்தச் செய்தி அந்த இளைஞரை உலுக்கியது. காங்கிரசில் சேர்ந்தார்.

பையன் கெட்டுப் போகிறானே என்று வீட்டார் பயந்தார்கள். திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போயும் அவர் சும்மா இருக்கவில்லை. 1924-ல் வைக்கம் ஊரில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. காமராஜ் அதில் ஈடுபட்டார். மரக்கடை அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை.

கள்ளுக்கடை மறியல், கதர் விற்பனை, கூட்டம் போடுதல் என்று காலம் ஓடியது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் வீட்டுப் பழமொழி. ஏழையின் கஞ்சியில் போடும் அந்த உப்புக்கும் வெள்ளைக்காரன் வரி போட்டிருந்தான். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்தார்கள். அந்தப் போராட்டத்தில் காமராஜுக்கு 2 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. பெல்லாரிக்கு அருகே உள்ள அலிப்புரம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தினால் 1931-ல் வெளியே வந்தார்.

அது முதல் தடவை. பிறகு பலமுறை உள்ளே போனார். மொத்தம் சுமார் 9 ஆண்டுகள் ஜெயிலில் கழித்தார். வாழ்நாளில் 9 ஆண்டு ஜெயில் கஞ்சி குடித்தவருக்குப் பசி என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேலூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1940-ம் ஆண்டு கடைசியில் பிடிக்கப்பட்டு வேலூர் ஜெயிலில் இருந்தார். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகரசபைத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1941-ல் வெளியே வந்ததும் நேரே போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். முழு நேரமும் வேலை பார்க்க முடியாதவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவர் கருத்து.

குடியாத்தம் தேர்தல்

1940-ல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார். பல ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 1952 பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். சென்னையில் ராஜாஜி முதல்-மந்திரி ஆனார்.

1953-ல் ராஜாஜி ஆரம்பப் பள்ளிகளில் ஒரு மாறுதல் செய்தார். பிள்ளைகள் தினம் 3 மணி நேரம் படித்தால் போதும். மீதி நேரம் வீட்டில் இருந்து தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்றது அந்தத் திட்டம். இது குலக்கல்வி என்று பலமான எதிர்ப்பு எழுந்தது. நெசவாளி மகன் நெசவாளியாகவும், சக்கிலி மகன் சக்கிலியாகவுமே இருக்க வேண்டுமா என்று ஊரெல்லாம் கேட்டார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

முதல்-மந்திரி ஆகிவிட்டார். ஆனால் சட்டசபையில் உறுப்பினர் இல்லை! 6 மாதத்துக்குள் உறுப்பினர் ஆக வேண்டும். மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்திருக்கலாம். அது சுலபமான வழி. காமராஜர் அதை விரும்பவில்லை. ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்டுத்தான் வருவேன் என்றார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் குடியாத்தம். அப்போது அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று வேலூர் மாவட்டம். விருதுநகருக்கும் குடியாத்தத்துக்கும் எவ்வளவோ தூரம். சொந்த ஊர் இல்லை. சொந்தக்காரர் கூட்டம் இல்லை. கவுண்டன்ய ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் தறி ஓடும் சத்தம் கேட்கும். லுங்கி நெய்வார்கள். பீடி சுற்றுவார்கள். தீப்பெட்டி செய்வார்கள். அக்கம்பக்கத்தில் தோல் பதனிடுவார்கள். உழைத்தால்தான் உலை கொதிக்கும் என்ற ஊர்!

1950-களின் தொடக்கம் கைத்தறிக்காரர்களுக்குச் சோதனைக் காலம். நெய்த துணி விற்கவில்லை. தமிழ்நாட்டு நெசவு ஊர்களில் பசியைப் போக்கக் கஞ்சித் தொட்டி வைக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட சமயத்தில்தான் முதல்-மந்திரி ஓட்டுக் கேட்டு வந்தார்.

எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே.கோதண்டராமன். காங்கிரசைத் திட்டி வந்த பெரியார், காமராஜருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டார். அண்ணாவின் தி.மு. கழகமும் காமராஜரை ஆதரித்தது. குலக்கல்வியை எடுத்தவர் என்பதே இதற்கு முக்கியக் காரணம். பெரிய ஓட்டு வித்தியாசத்தில் காமராஜர் வெற்றி பெற்றார்.

1954 முதல் 1957 வரை அவர் குடியாத்தம் எம்.எல்.ஏ. இந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் அந்தப் பெரிய காரியம் நடந்தது.

மாடு மேய்த்த பையன்

குலக்கல்வி போயிற்று. பிள்ளைகள் முழு நாளும் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். புதிய பள்ளிக்கூடங்களும் ஊர் ஊராக வந்தன. ஆனால் ஒரு சிக்கல். 3 மணி நேரம் என்றால் பசி வருவதற்குள் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். முழு நாள் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வீட்டில் சோறு இருக்கும் பிள்ளை தூக்குச் சட்டியில் எடுத்து வரும். இல்லாத பிள்ளை? குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வரும். நாலு நாள் அப்படி வரும். ஐந்தாம் நாள் வராது.

ஏழைப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பையன் மாடு மேய்க்கப் போனால் அங்கே ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். தறிக்குத் தார் சுற்றினால் அப்பாவுக்குக் கூலி மிச்சம். பீடி இலை வெட்டினால் அம்மாவுக்கு நாலு காசு கூடும். பள்ளிக்கூடம் போனால்? அந்தக் கூழும் போயிற்று, காசும் போயிற்று. படிப்பு இலவசம்தான். ஆனால் பசி இலவசமாகத் தீராதே!

ஊர் ஊராகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. காமராஜர் காரில் போய்க்கொண்டிருந்தார். ரெயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. பக்கத்தில் ஒரு பையன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று முதல்-மந்திரி கேட்டார். போனால் நீங்கள் சோறு போடுவீர்களா என்று பையன் கேட்டுவிட்டான். கேட் திறந்தது. கார் கிளம்பியது. பையனின் கேள்வியும் கூடவே காரில் ஏறிக்கொண்டது.

பணம் எங்கே?

பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுவது அதற்கு முன் நடக்காத காரியம் இல்லை. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதியில் தன் பள்ளிக்கூடம் ஒன்றில் பலகாரம் கொடுக்கத் தீர்மானித்தது. பிட்டி தியாகராயர் அப்போது நகரசபைத் தலைவர். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. ஆனால் அது ஒரு நகரத்தில் நடந்தது. ஒரு ராஜ்யம் முழுவதும் நடத்த முடியுமா?

கோட்டையில் இந்தக் கேள்விதான் எழுந்தது. பணத்துக்கு எங்கே போவது? யார் சமைப்பது? பாத்திரம் யார் தருவது? வரவு செலவுத் திட்டம் தாங்குமா? சட்டம் இடம் கொடுக்குமா? பைலில் கேள்வி எழுதுவது சுலபம். அதுவும் வயிறு நிறைந்த பிறகு எழுதினால் இன்னும் சுலபம்!

அப்போது கல்வித் துறையின் தலைவர் நெ.து.சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கிராமத்துப் பசியை அறிந்தவர். காமராஜரின் எண்ணத்தை அவர் காரியமாக்கினார்.

வழி என்ன தெரியுமா? பழைய பிடி அரிசி வழிதான்! முதலில் சர்க்கார் கஜானாவை நம்ப வேண்டாம். ஊராரைக் கேட்போம். பணக்காரர் மூட்டை கொடுக்கட்டும். குடியானவன் காய்கறி கொடுக்கட்டும். விறகு இருப்பவர் விறகு கொடுக்கட்டும். ஒன்றும் இல்லாதவர் ஒரு பிடி அரிசி கொடுக்கட்டும். சமைக்க ஊரில் ஆள் இல்லாமலா போகும்?

பிள்ளைகளின் சோற்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று முதல்-மந்திரியே சொன்னார். அதன் பிறகு எந்த அதிகாரி மறுத்துப் பேசுவார்?

எட்டயபுரத்தில் முதல் பந்தி

1956-ம் ஆண்டு பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கி வைத்தார். அப்போது அவர் குடியாத்தம் எம்.எல்.ஏ. என்பதைக் குடியாத்தத்துக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

திட்டம் ஊர் ஊராகப் பரவியது. தலைமை ஆசிரியர் கையில் படியும் தராசும் வந்தன. பள்ளிக்கூடத்துப் பின்புறம் அடுப்புப் புகைந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். மேலத் தெருப் பிள்ளையும் கீழத் தெருப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாதி பார்த்து விலகி இருந்த ஊர்களில் அது சின்னக் காரியம் இல்லை. பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பறந்தவற்றில் சாதியும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது!

பிறகு சர்க்கார் செலவில் பெரும் பங்கை ஏற்றது. மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. 1960-களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் அனுப்பியது. அந்தக் காலத்தில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்து உப்புமா வாசனையை இன்னும் மறக்கவில்லை என்பார்கள்.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் நிலம் கொடுத்தார்கள். கட்டிடம் கட்டினார்கள். பெஞ்சு, நாற்காலி, கடிகாரம், சீருடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். பிடி அரிசியில் தொடங்கிய வழக்கம் எங்கே வந்து நின்றது பாருங்கள்!

முதல்-மந்திரியின் சாப்பாடு

ஊருக்குச் சோறு போட்டவர் தாம் என்ன சாப்பிட்டார்?

சென்னை தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை ரோட்டில் ஒரு வாடகை வீடு. கலியாணம் செய்துகொள்ளாதவர். சோறு, சாம்பார், ரசம், மோர். இதுதான் அவர் விருந்து. சுற்றுப்பயணம் போனால் கிடைத்ததைச் சாப்பிடுவார். ஆனால் சாப்பிட உட்காருவதற்கு முன், டிரைவரும் கூட வந்த போலீஸ்காரரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார் என்று உடன் சென்றவர்கள் சொல்வார்கள்.

1966-ல் காங்கிரஸ் தலைவராக ருஷ்யாவுக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் போனார். அங்கேயும் அதே வேட்டி, அதே சட்டைதான்.

சோடா, கலர் செலவு

தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மகன் மாதம் 120 ரூபாய் அனுப்பி வந்தார். முதல்-மந்திரியின் தாயார் அல்லவா? பார்க்க நாலு பேர் வருவார்கள். வந்தவர்களுக்கு ஒரு சோடா, கலர் வாங்கிக் கொடுக்காமல் எப்படி அனுப்புவது? மாதம் 30 ரூபாய் கூட்டி அனுப்பச் சொல் என்று தாயார் சொல்லி அனுப்பினாராம்.

மகன் சம்மதிக்கவில்லை. வருகிறவர்கள் சோடா கேட்கிறார்களா என்ன, கையில் பணம் கூடினால் செலவும் கூடும் என்று சொல்லி, 120 ரூபாயிலேயே நிறுத்திவிட்டாராம். இதைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது. பெற்ற தாய்க்கு 30 ரூபாய் கொடுக்கக் கூடாதா என்று வீட்டிலிருக்கும் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அதே போல இன்னொன்று. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்த தாயார் வீட்டுக்கு நகரசபையார் தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். செய்தி தெரிந்ததும் காமராஜர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். தெருவில் மற்றவர்களுக்கு இல்லாத குழாய் என் வீட்டுக்கு எதற்கு என்றார். பள்ளிக்கூடத்தில் பிரசாதம் வாங்க முண்டாமல் நின்ற பையன், கோட்டைக்குப் போன பிறகும் மாறவில்லை.

அரிசி எழுதிய தீர்ப்பு

1957-லும் 1962-லும் சாத்தூரில் நின்று வென்றார். 1963-ல் ஒரு யோசனை சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்பது அது. அதற்குக் காமராஜ் திட்டம் என்றே பெயர் வந்தது. சொன்னவரே முதலில் செய்து காட்டினார். 1963 அக்டோபர் 2-ந் தேதி முதல்-மந்திரி பதவியை விட்டார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். நேருவுக்குப் பின் லால்பகதூர் சாஸ்திரியும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமர் ஆவதற்கு அவரே முக்கியக் காரணம்.

ஆனால் 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றுப் போனார். தோற்கடித்தவர் பெ.சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். வித்தியாசம் 1,300 ஓட்டுக்கும் குறைவு. இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஒரு காரணம். அரிசிப் பஞ்சம் இன்னொரு காரணம். கடை வாசலில் பையோடு நின்ற குடும்பங்களுக்கு, ரூபாய்க்கு 3 படி அரிசி என்ற தி.மு.க.வின் பேச்சு காதில் தேனாகப் பாய்ந்தது.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரை அரிசியே தோற்கடித்தது! காலம் செய்த வேடிக்கை இது. ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று அவர் புலம்பவில்லை. ஜனநாயகம் என்றால் இதுதான் என்று ஏற்றுக்கொண்டார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று பார்லிமெண்டுக்குப் போனார். 1971-லும் அங்கே வென்றார்.

கடைசிச் சாப்பாடு

1975 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி. மத்தியானம் எப்போதும் போலச் சாப்பிட்டார். படுக்கப் போனார். விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி பணியாளரிடம் சொன்னார். அப்புறம் கண் விழிக்கவில்லை. வயது 72.

அவர் விட்டுப் போன சொத்து என்ன? சில வேட்டி, சட்டைகள். புத்தகங்கள். கையில் நூற்றுச் சொச்சம் ரூபாய். அவ்வளவுதான். குடியிருந்த வீடுகூட வாடகை வீடு. பின்னால் அது அவருடைய நினைவு இல்லம் ஆயிற்று. 1976-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது கொடுக்கப்பட்டது.

அடுப்பு அணையவில்லை

அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 1995-ல் மத்திய சர்க்கார் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா ராஜ்யங்களும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த சோறு போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் காலைச் சிற்றுண்டியையும் தொடங்கினார். கட்சிகள் மாறின. கொடிகள் மாறின. யாரும் தட்டை எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் அதில் ஏதோ ஒன்றைச் சேர்த்தே வைத்தார்கள்.

காமராஜர் பிறந்த ஜூலை 15-ந் தேதியை 2006 முதல் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் பேசுவார்கள். படம் வரைவார்கள். மத்தியானம் மணி அடித்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தட்டோடு ஓடுவார்கள்.

பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் அவர் சோறு போட்டார். சோற்றுக்காக வந்த பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். எழுத்துக் கற்றவர்கள் ஆபீசுக்குப் போனார்கள். அப்பா பெயரைக் கைநாட்டாகவே பார்த்து வளர்ந்த மகன், தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுச் சம்பளம் வாங்கினான். அவன் வீட்டுப் பிள்ளைகள் இன்று இந்தப் பக்கத்தைத் தாங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.